சமையலறைக்கு ‘வீடு’ என்று பெயர்! - ஓசூர் எல்லையில் ஒரு சொல்லின் கதை

பெங்களூரிலிருந்து வரும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும் வரை கடைப் பலகைகளில் கன்னடம். ஜூஜூவாடி சோதனைச்சாவடி வந்ததும் சட்டென்று தமிழ். கண்ணுக்கு மாநில எல்லை இவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது. காதுக்குத்தான் தெரிவதில்லை.

ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு டீ சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும். பூக்காரம்மா தெலுங்கில் விலை சொல்கிறார். வாங்குகிறவர் கன்னடத்தில் பேரம் பேசுகிறார். சில்லறை தமிழில் எண்ணப்படுகிறது. பக்கத்தில் பழ வண்டிக்காரர் போனில் யாரிடமோ உருதுவில் கோபித்துக்கொண்டிருக்கிறார். யாரும் யாருக்கும் மொழிபெயர்ப்பதில்லை. அப்படி ஒரு தேவை இருப்பதாகவே இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஊரின் பெயரே கன்னடம்தான். ‘ஹொச’ என்றால் புதிய. ‘ஊரு’ என்றால் ஊர். ‘ஹொசூரு’ தமிழ் நாக்குக்கு வந்தபோது ‘ஹ’வை உதிர்த்துவிட்டு ஓசூர் ஆனது. தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒன்று இருக்கிறதே புதூர், அதே பெயர்!

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, சேலம் மாவட்டத்தோடு சேர்ந்த பகுதி இது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தமிழகத்தோடு நின்றது. 1965-இல் தருமபுரி மாவட்டம் ஆயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம். 2019-இல் ஓசூர் மாநகராட்சி. காகிதத்தில் இத்தனை முறை முகவரி மாறியிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் முகவரிகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அவற்றில் ஒன்று, அடுப்பு எரியும் இடத்தின் பெயர்.

ஒரே அடுப்பு, மூன்று பெயர்

ஓசூரிலிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி என்று போனால் கன்னடம் அதிகம் கேட்கும். அங்கே சமையல் நடக்கும் இடம் ‘அடுகெ மனெ’. பேச்சில் இன்னும் சுருங்கி ‘அட்கெ மனெ’. ‘அடுகெ’ என்றால் சமையல். ‘மனெ’ என்றால் வீடு. ஆக, சமையல் வீடு.

பாகலூர், பேரிகை, சூளகிரி, வேப்பனப்பள்ளி என்று கிழக்கே திரும்பினால் தெலுங்கு. அங்கே அதே இடம் ‘வண்ட இல்லு’. வேகமாகச் சொன்னால் ‘வண்டில்லு’. தெலுங்கில் ‘வண்டு’ என்றால் சமைப்பது. (பூவைச் சுற்றும் நம்மூர் வண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ‘இல்லு’ என்றால் வீடு. மறுபடியும் சமையல் வீடு.

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் உருது பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்கள் வீட்டில் அது ‘பாவர்ச்சிகானா’. பாவர்ச்சி என்றால் சமையல்காரர். ‘கானா’ என்றதும் சாப்பாடு என்று நினைக்கத் தோன்றும். அது வேறு கானா. இந்தக் கானா பாரசீகச் சொல். அதற்குப் பொருள்... வேறென்ன, வீடுதான்!

மூன்று மொழிகள். அதில் ஒன்று ஈரானிலிருந்து புறப்பட்டு வந்த சொல். மூன்றும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுபோல, வீட்டுக்குள் இருக்கும் ஒரு பகுதிக்கு வீடு என்றே பெயர் வைத்திருக்கின்றன. வீட்டுக்குள் எப்படி இன்னொரு வீடு?

அந்தக் கேள்விக்குப் போகும் முன் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்துவிடலாம். இந்தப் பக்கத்துப் பழைய சாப்பாடு கேழ்வரகு. வெந்த மாவைத் துடுப்பால் கிண்டி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டி வைத்தால், தமிழ் வீட்டில் அது களி. கன்னட வீட்டில் ‘முத்தெ’. தெலுங்கு வீட்டில் ‘சங்கடி’. உருண்டை ஒன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லிலோ மாலூரிலோ ‘அடுகெ மனெ’யில் முத்தெ உருட்டி வளர்ந்த பெண், இந்தப் பக்கம் ‘வண்டில்லு’ வீட்டுக்கு வாழ வருவது இங்கே சர்வசாதாரணம். அவளுக்கு அறையின் பெயர் மாறுகிறது. பெயரின் பொருள் மாறுவதில்லை. பிறந்த வீட்டைக் கன்னடத்தில் ‘தவரு மனெ’ என்பார்கள், தெலுங்கில் ‘புட்டில்லு’. அங்கும் அதே மனெ, அதே இல்லு. விட்டுவந்த வீட்டுக்கும், வந்து நின்ற அடுப்படிக்கும் ஒரே சொல்!

கன்னடத்தில் இது சமையலறையோடு நிற்பதில்லை. சாமி அறை ‘தேவர மனெ’. குளிக்கும் இடம் ‘பச்சலு மனெ’. வீட்டின் நடுக்கூடம் ‘நடுமனெ’. தெலுங்கிலும் நடுக்கூடத்துக்கு ‘நட்டில்லு’ என்று பெயர். நடு, இல்லு இரண்டும் சேர்ந்தது. தமிழிலும் பழைய வீடுகளில் ‘நடுவீடு’ என்பார்கள். “நடுவீட்டுல செருப்போட நிக்காதே” என்று திட்டு வாங்காத பேரன் உண்டா? அந்த நடுவீடு வீட்டின் நடுவில் இருக்கும் ஒரு பகுதி. யாரும் அதைத் தனி வீடு என்று புரிந்துகொள்வதில்லை.

தமிழ் மறந்துபோன அட்டில்

சரி, தமிழில் சமையலறைக்கு மட்டும் ஏன் வீடு இல்லை? இருக்கும் பெயர்களை எண்ணினால் கைவிரல் போதாது. அடுப்படி, அடுப்பங்கரை, அடுக்களை, சமையற்கட்டு. கோயிலில் மடைப்பள்ளி. இலங்கைத் தமிழில் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ‘குசினி’. அக்ரகாரத் தமிழில் அறைக்கு ‘உள்’ என்று பெயர். அதனால் ‘சமையல் உள்’. ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம். அதுபோன்ற ஐயங்கார் வீடுகளில் ‘தளிகை உள்’ என்றும் சொல்வதுண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலே பாடப்புத்தகத்தின் ‘சமையலறை’.

இந்தப் பட்டியலில் வீட்டைக் காணோம் என்றுதான் தோன்றும். ஆனால், தமிழிலும் அது இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சொல். ‘அட்டில்’.

‘அடு’ என்றால் சமை. அடுப்பும் அடிசிலும் அடுக்களையும் அதிலிருந்து வந்தவை. ‘இல்’ என்றால் வீடு. அடு, இல் இரண்டும் சேர்ந்து அட்டில். கன்னடத்து ‘அடுகெ’யில் இருப்பதும் இதே ‘அடு’தான். பர்ரோவும் எமெனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை ஒரே குடும்பமாகத்தான் காட்டுகிறது. ஆக, அட்டிலின் முன்பாதி இன்று தளியின் கன்னட வீட்டில் இருக்கிறது. பின்பாதி பாகலூரின் தெலுங்கு வீட்டில் இருக்கிறது. முழுச் சொல்லையும் பழைய தமிழ் வைத்திருந்தது. இன்று பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை.

பழைய பாட்டுகளில் இந்த அட்டிலைத் தேடினால் இரண்டு காட்சிகள் மறக்க முடியாதவை.

ஒன்று நற்றிணையின் 120-ஆம் பாட்டு. பாடியவர் மாங்குடி கிழார். கணவன்மேல் ஊடலில் இருக்கிறாள் மனைவி. ஆனால், வீட்டுக்கு விருந்து வந்துவிட்டது. மோதிரம் அணிந்த விரல்களால் வாளை மீனைத் துண்டு போடுகிறாள். அடுப்புப் புகை கண்ணில் ஏறிக் கண் சிவக்கிறது. நெற்றியில் வியர்வை. அதைச் சேலை முந்தானையால் ஒற்றிக்கொள்கிறாள். விருந்தினர் முன்னால் கோபத்தைக் காட்ட முடியாதே! கணவனுக்கு அது தெரியும். இன்னும் யாராவது விருந்துக்கு வரமாட்டார்களா, இவள் சிரித்த முகத்தைப் பார்க்கலாமே என்று நினைக்கிறான். அவள் அப்போது எங்கே இருக்கிறாள் என்று சொல்ல மாங்குடி கிழார் பயன்படுத்தும் சொல்தான் அட்டில். அந்தப் புகை, அந்த முந்தானை, கோபம் தணிய விருந்தாளியை நம்பியிருக்கும் அந்தக் கணவன்... கேஸ் அடுப்பு வந்த பிறகு புகை மட்டும்தான் குறைந்திருக்கிறது.

இன்னொன்று பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தில் அறத்துக்காகச் சோறு போடும் பெரிய அட்டில்கள். அங்கே வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல ஓடுகிறதாம். காளைகள் அதில் சண்டை போட்டுச் சேறாக்குகின்றனவாம். ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கும் மூலைக்கும், ஊருக்கே சோறு வடிக்கும் கூடத்துக்கும் ஒரே பெயர். ‘இல்’ என்ற சொல் அளவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

வீட்டுக்குள் வீடு எப்படி வந்தது?

இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

முதல் பதில் தீயைப் பற்றியது. கூரை வேய்ந்த வீட்டில் விறகடுப்பு ஆபத்து. அதனால் அடுப்புக்கு என்று தனியாக ஒரு குடிசை போடுவது நாட்டின் பல பகுதிகளில் வழக்கம். தனிக் குடிசை என்றால் அது தனி வீடுதானே? பிறகு சுவரும் ஓடும் வந்து அடுப்பு உள்ளே வந்தபோது பெயரும் கூடவே உள்ளே வந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நடுமனெயும் நட்டில்லும் இந்தப் பதிலை ஒப்புக்கொள்ளாது. வீட்டுக்கு நடுவில் இருப்பது எந்தக் காலத்திலும் வெளியே தனியாக நின்றிருக்க முடியாது அல்லவா?

இரண்டாவது பதில்தான் பொருந்துகிறது. அந்தக் காலத்தில் ‘இல்’, ‘மனை’ என்ற சொற்களுக்கு நாம் நினைக்கிற அளவு பெரிய பொருள் இல்லை. நான்கு சுவரும் தளமும் உள்ள கட்டடம் என்பதைவிட, ஒரு ஆள் அல்லது ஒரு வேலை தங்கும் இடம் என்பதுதான் பொருள். சமையல் தங்கும் இடம், சாமி தங்கும் இடம், குளியலுக்கு ஓர் இடம். இவை சேர்ந்திருந்தால் அதற்கும் வீடு என்று பெயர். பிரித்தால் ஒவ்வொன்றும் வீடு.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் பாறை மேட்டில் கூட்டம் கூட்டமாகக் கல்திட்டைகள் நிற்கின்றன. பெருங்கற்காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. நான்கு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. இத்தகைய திட்டைகளைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் ‘பாண்டவர் வீடு’ என்பார்கள். கர்நாடகத்தின் ஹிரேபெனகல்லில் இருப்பவற்றை மக்கள் ‘மோரியர மனெ’ என்கிறார்கள். தடுப்பு இல்லை, கூடம் இல்லை, ஒற்றை அறைதான். அதைப் பார்த்த கிராமத்து ஜனங்களுக்கு ‘அறை’ என்று தோன்றவில்லை. வீடு என்றுதான் தோன்றியிருக்கிறது.

தமிழில் இதற்கு இன்னொரு சாட்சி தினமும் நம் வாயில் இருக்கிறது. ‘ஓசூரில்’, ‘பஸ்ஸில்’, ‘வீட்டில்’ என்று சொல்லும்போது கடைசியில் ஒட்டுகிறதே ‘இல்’, அது பழைய வீட்டுச் சொல்தான் என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இடம் என்ற பொருளில் தேய்ந்து தேய்ந்து வேற்றுமை உருபாகிவிட்டது. அப்படியானால், ‘வீட்டில்’ என்று சொல்லும்போது வீட்டை இரண்டு முறை சொல்கிறோம்!

கோயில் என்றால் கோவின் இல். அரசனுக்கும் ஆண்டவனுக்கும் பொதுவான வீடு. வாயில் என்றால் இல்லத்தின் வாய். கன்னடத்தில் கதவுக்குப் பெயர் ‘பாகிலு’, தெலுங்கில் வாசலுக்குப் பெயர் ‘வாகிலி’. உற்றுக் கேட்டால் இரண்டின் வாலிலும் அந்த ‘இல்’ ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கன்னடம் வீட்டுக்கு ‘மனெ’யை எடுத்துக்கொண்டு ‘இல்’லைக் கைவிட்டது என்று நினைத்தால், அது கதவருகே பத்திரமாக நிற்கிறது.

‘வீடு’ என்ற சொல்லுக்கும் இந்தப் பழைய பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டம், அதில் 12 தடுப்பு. ஒவ்வொன்றும் ஒரு வீடு. நாலாம் வீட்டில் சுக்கிரன், ஏழாம் வீட்டில் செவ்வாய். யாராவது நாலாம் அறையில் சுக்கிரன் என்று சொல்லிக் கேட்டதுண்டா?

மனை விற்பனைக்கு

ஓசூரிலிருந்து பாகலூர் சாலையில் போனாலும், தளி சாலையில் போனாலும் கண்ணில் அதிகம் படும் தமிழ்ச் சொல் ‘மனை’. வீட்டு மனைகள் விற்பனைக்கு. அங்கீகரிக்கப்பட்ட மனைப் பிரிவு. மனைப் பட்டா. ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடும் நடுகல்லுமாக அந்த மனைகள் வரிசையாகக் கிடக்கின்றன.

ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு அப்பால் அதே சொல் ‘மனெ’. அங்கே அதற்குப் பொருள் குடும்பம் குடியிருக்கும் வீடு. இங்கே பொருள் வீடு இல்லாத வெற்று நிலம்! கன்னடம் பேசும் உறவினர் ஒருவர், “மனெ தோரிசி” என்று கேட்டு, தமிழ்ப் புரோக்கர் அவரை முள்வேலி போட்ட காலி இடத்துக்குக் கூட்டிப்போனால், தவறு இருவர் மேலும் இல்லை.

பழைய தமிழில் மனை என்றால் வீடுதான். மனைவி, மனையாள், மனையறம் எல்லாம் அந்த வீட்டிலிருந்து வந்தவை. ‘மன்னு’ என்றால் நிலைத்திருப்பது. மனையை அதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள் அறிஞர்கள். நிலைத்துத் தங்கும் இடம் மனை. ‘வீடு’ என்பதோ ‘விடு’ என்பதிலிருந்து வந்தது. பயணத்தை விட்டு இறங்கும் இடம். படை இறங்கினால் படைவீடு. விடுதியும் அதே வேரில் முளைத்ததுதான். கன்னடத்திலும் ‘பீடு’ என்றால் படை இறங்கிய இடம், தங்குமிடம். ஆக, நாம் வாழ்நாள் முழுக்கக் கடன் கட்டி வாங்குவதற்கு வைத்திருக்கும் பெயர் தற்காலிகமாகத் தங்கும் இடத்தின் பெயர். நிரந்தரத்தின் பெயரை வெறும் நிலத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

வேறு எந்த ஊரிலும் இது வெறும் சொல் விளையாட்டு. ஓசூரில் அப்படி இல்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. அதே ஆண்டில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம். அன்றிலிருந்து ஊருக்குள் வருகிறவர்கள் நிற்கவே இல்லை. முதலில் சேலம், தருமபுரி, வேலூர், மதுரை. பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம். விட்டு இறங்கியவர்களின் ஊர் இது.

தொழிற்சாலைக்குக் கன்னடத்தில் ‘கார்கானெ’. நம் தாத்தாக்களும் கார்கானா என்று சொன்னவர்கள்தான். ‘கார்’ என்றால் பாரசீகத்தில் வேலை. ‘கானா’ ஏற்கெனவே தெரியும். பாவர்ச்சிகானா சமையல் வீடு என்றால் கார்கானா வேலை வீடு. வார்ப்படப் பட்டறைகளில் இரும்பு உருகும் உலை இருக்கிறதே, அதுவும் தமிழ்ச் சமையலறைச் சொல்தான். சோற்றுக்கு உலை வைக்கிறோம் அல்லவா? அதே சொல் கன்னடத்தில் ‘ஒலெ’. அங்கே அதற்குப் பொருள் அடுப்பு.

ரூம்

தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் லைன் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பத்துக்குப் பத்து, மேலே சிமென்ட் ஷீட் அல்லது கான்கிரீட். ஒரு கதவு, ஒரு ஜன்னல். தெருக்கோடியில் பொதுக் குழாய். ஒரு அறையில் மூன்று பேர், நான்கு பேர். ஷிப்ட் மாறும்போது பாயும் கைமாறும். மூலையில் 5 கிலோ காஸ் சிலிண்டர், ஒரு குக்கர், எண்ணெய் பாட்டில். தடுப்புச் சுவர் கிடையாது. படுக்கும் இடத்துக்கும் சமைக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கயிறு, அதில் யூனிபார்ம் காய்கிறது.

தங்கியிருப்பவர்களுக்கு அது ‘ரூம்’. யாரும் அதை வீடு என்று சொல்வதில்லை. வீடு என்றால் ஊரில் இருப்பது.

ஆனால், அவர்கள் தங்கள் மொழியில் சமையலறையை என்னவென்று சொல்வார்கள்? இந்திக்காரர் ‘ரசோயி கர்’ என்பார். வங்காளி ‘ரான்னா கர்’. ஒடிசாக்காரர் ‘ரோசேய் கர’. மூன்றிலும் வரும் ‘கர்’ வீடுதான்! அடுகெ மனெ, வண்ட இல்லு, பாவர்ச்சிகானா என்று இந்த மண் சொல்லிக்கொண்டிருந்ததையே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ரயிலேறி வந்தவர்களும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டு உரிமையாளரின் தெலுங்குப் பாட்டிக்கு இது தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்! ஆனால், இருவருக்கும் நடுவில் ஓடுவது வாடகை, கரண்ட் பில், தண்ணீர் நேரம் ஆகிய மூன்று விஷயங்கள் மட்டுமே. அதற்குத் தேவையான இந்தியைப் பாட்டி கற்றுக்கொண்டுவிட்டார்.

பெண்களின் நிலை இன்னொரு மாதிரி. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, இருபது வயதை ஒட்டிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். பலர் ஹாஸ்டல்களில் தங்குகிறார்கள். அங்கே அடுப்பு மூட்ட அனுமதி கிடையாது. சாப்பாடு கேன்டீனில். நற்றிணைப் பெண்ணின் கண்ணை எரித்த புகை இவர்களுக்கு இல்லை, அது நல்லதுதான். மாதச் சம்பளம் கையில் வருகிறது, அது இன்னும் நல்லது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில் கட்டிலுக்கடியில் இருக்கும். ஒருநாள் காய்ச்சல் வந்து, சூடாக ஒரு கஞ்சி வேண்டும் என்று தோன்றும்போதுதான் அடுப்புள்ள ஓர் இடத்தின் அருமை தெரியும்.

கொஞ்சம் வசதி வந்து கல்யாணமும் ஆனால் அடுத்த படி ‘ஒன் ஆர்கே’. அதற்கும் மேலே ‘ஒன் பிஎச்கே’. புரோக்கர் பேச்சில் ஒரு ரூம் என்பதற்கும் ஒன் ஆர்கே என்பதற்கும் மாத வாடகையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் முழுக்க ஒற்றை ‘கே’ எழுத்துக்குத்தான். கிச்சன்! அட்டில், அடுகெ மனெ, வண்டில்லு, ரசோயி கர் எல்லாம் சுருங்கிச் சுருங்கி அந்த ஓர் எழுத்தில் வந்து நிற்கின்றன. வாடகை கொடுக்கிறவருக்கு மட்டும் அதன் எடை தெரியும்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் சுலபமாக இல்லை. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் ஆனது. அந்தச் சட்டத்தின்கீழ் படித்த முதல் அணி 2016-இல் பொதுத்தேர்வுக்கு வந்தபோது, தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளி மாணவர்கள் பலர் நீதிமன்றம் வரை போய் விலக்குப் பெற வேண்டியிருந்தது. இந்த மாவட்டத்துக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுப் பிரச்னை. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பதில் இங்கே பெரும்பாலோருக்குத் தகராறு இல்லை. சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறாரா, வீட்டு மொழி என்ன ஆகும் என்பதுதான் கவலை. வீட்டில் ‘வண்டில்லு’, புத்தகத்தில் ‘சமையலறை’, டி.வி.யில் ‘கிச்சன்’. மூன்றுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையிடம், உன் பாட்டி சொல்லும் ‘இல்லு’ இந்தத் தமிழ்ப் புத்தகத்திலேயே ‘அட்டில்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது என்று ஒரு வாத்தியார் ஒருநாள் சொன்னால், அந்தப் பிள்ளை தமிழை அயல்மொழியாக நினைக்குமா?

பழைய வீடுகள் இடிந்துகொண்டிருக்கின்றன. பாகலூர் சாலையில் மனை விலை ஏற ஏற, ஓட்டு வீட்டைத் தட்டிவிட்டு, கீழே கடை, மேலே மூன்று மாடியாக லைன் ரூம் கட்டுவதுதான் கணக்குக்குச் சரியாக வருகிறது. உரிமையாளர் குடும்பம் உச்சி மாடிக்குப் போய்விடும். அங்கே மாடுலர் கிச்சன், புகைபோக்கி, கிரானைட் மேடை எல்லாம் இருக்கும். ஆனாலும், கீழே இருந்து யாராவது கூப்பிட்டால் மேலிருந்து பாட்டி பதில் சொல்வது, “வண்டிண்ட்லோ உன்னானு!” என்றுதான்.

சாயங்காலம் ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் குக்கர் விசில். கடுகெண்ணெய் வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் ஒரே நேரத்தில் வருகிறது. லைன் வீடு ஒன்றின் கேட்டில் அட்டை தொங்குகிறது. மேலே தமிழிலும் கீழே இந்தியிலும் எழுதியிருக்கிறார்கள்: ‘ரூம் வாடகைக்கு. சமைக்கலாம்.’